மெத்தைப் பொடி

பிப்ரவரி 9

அன்புள்ள அவசரத்துக்கு,

நீ கேட்ட அந்தப் புதன்கிழமை உலை அறையில் இருந்தவர்கள்: கைடு ஐயா, ஜன்னல் பக்கம், கையில் பேனாவோடு. மீட்டர்காரர், தன் மேஜையில். மாங்கனீசு தம்பி, ஆராய்ச்சி முடிந்தும் போக மனமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவர், கதவில் சாய்ந்துகொண்டு. எலக்ட்ரீஷியன், ஸ்டூல் மேல் ஏறி ஃபியூஸ் மாற்றிக்கொண்டு. அவரையும் சேர்ப்பதா என்று நீ கேட்பாய். காது கேட்கிற ஆள், சேர்த்துத்தான் ஆக வேண்டும். அப்புறம் நீ, எல்லோரும் அவசரம் என்று கூப்பிட்ட ஆராய்ச்சிப் பெண். நான், உலையைப் பார்த்துக்கொண்டவள். ஆக ஆறு பேர். கைடு ஐயாவும் மீட்டர்காரரும் எலக்ட்ரீஷியனும் இப்போது இல்லை. மாங்கனீசு தம்பி டைல்ஸ் கடை வைத்து நன்றாக இருக்கிறார்.

உன் கடிதம் கிடைத்தது. முப்பத்திரண்டு வருடம் கழித்துக் கிடைத்தது. காது மந்தமாகிவிட்டதால் போனில் வேண்டாம், எழுதச் சொல் என்று பேத்தியிடம் நான்தான் சொன்னேன். நான் ஐந்தாவது வரை படித்தவள் என்பது உனக்குத் தெரியும். எழுத்தில் பிழை இருந்தால் பேத்தி திருத்துகிறாள். விஷயத்தில் பிழை இருக்காது.

நாற்பத்தொன்றாம் பேட்ச் பற்றிக் கேட்டிருந்தாய். பேரியம் டைட்டனேட், அதில் துளி லாந்தனம். நீ நிறுத்துக் கொடுத்தாய், நான் அசிட்டோன் ஊற்றிக் கல்வத்தில் அரைத்தேன், பசை சேர்த்தேன், அச்சில் அழுத்தினேன். பன்னிரண்டு வில்லை, ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. செவ்வாய்க்கிழமை காலையில் உலையில் வைத்தேன். ஆயிரத்து முந்நூற்றைம்பது டிகிரி, இரண்டு மணி நேரம். அப்புறம் தானாக ஆற விட்டேன். புதன் காலை ஒன்பதரைக்குத் திறந்தபோது சந்தன நிறத்தில் உள்ளே போனவை கருநீலமாக இருந்தன. கரண்ட் பாய நீ இரண்டு முகத்திலும் இண்டியம் கலவையைத் தேய்த்துக் கொடுத்தாய். மீட்டர்காரர் ஒரு வில்லையைச் சூடேற்றும் பெட்டியில் வைத்து எண்களை வாசிக்க ஆரம்பித்தார்.

சாதாரணச் சூட்டில் நாற்பது ஓம். நூறு டிகிரி வரைக்கும் பெரிய மாற்றமில்லை. நூற்றிருபதைத் தாண்டியதும் ஏற ஆரம்பித்தது. நூற்றெண்பதில் நாலு லட்சம். மீட்டர்காரர் எழுந்து ஒயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகினார். திரும்பவும் நாலு லட்சம். கைடு ஐயா பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். மாங்கனீசு தம்பி, "மீட்டர் செத்துப்போச்சு போல" என்றார். எலக்ட்ரீஷியன் ஸ்டூல் மேலிருந்தே, "பத்தாயிரம் மடங்கா? நான் எதையும் தொடல சார்" என்றார். எல்லோரும் சிரித்தோம். சூடு ஏறினால் தானாகவே கரண்டை நிறுத்திக்கொள்கிற வில்லை, இவ்வளவு ஏற்றத்தோடு இங்கே யாரும் செய்ததில்லை என்று ஐயா சொன்னார்.

அதற்கப்புறம் நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று, நாற்பத்துநாலு. நீலம் வந்தது. ஏற்றம் மட்டும் நாலாயிரத்தோடு நின்றுவிட்டது. ஐயா என்னைக் கூப்பிட்டு, இதே ஆட்கள் முன்னால் சொன்னது: "இந்தக் கை இனிமே உலையத் தொட வேண்டாம்." வெள்ளிக்கிழமை சாவியை வாங்கிக்கொண்டு கண்ணாடிச் சாமான் கழுவுகிற இடத்துக்கு அனுப்பினார்கள். நிரந்தரமாக்கும் பட்டியலில் என் பெயர் ஏழாவதாக இருந்தது. பட்டியல் வெளியே வந்தபோது ஏழாவதில் வேறு பெயர். புது உலைக்காரர் வந்ததும் ஏற்றம் திரும்ப வந்துவிட்டது என்று மீட்டர்காரர் வந்து சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா, என்னத்துக்குச் சொன்னாரோ, தெரியவில்லை. அதிலிருந்து என் கையை நானே சந்தேகப்பட்டேன். வீட்டில் கஞ்சி தீய்ந்தால்கூட அதே நினைப்பு வரும்.

பதினேழு வருடம் ஆசிட் பாட்டில் கழுவினேன். கைடு ஐயா இறந்ததற்குப் போகவில்லை.

கேட்டதற்குச் சொல்லிவிட்டேன். எதற்குக் கேட்டாய் என்று நீ எழுதவில்லை. சும்மா கேட்கிறவள் இல்லை நீ.

இப்படிக்கு,
உலை அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மீட்டர்காரர் ஒயரைப் பிடுங்கிச் சொருகியது எனக்கு மறந்தே போயிருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? விரல் நுனி வெடிப்பு ஆறியதா? பேத்தியின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

நான் நலம் என்று எழுதலாம். முழங்கால் மட்டும் சொன்னபடி கேட்பதில்லை. இங்கே உலைக்கு ஆளே கிடையாது. கம்ப்யூட்டரில் எண்ணைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அது நம்மிடம் பேசாது, நாமும் அதனிடம் பேச முடியாது. அடுத்த வருடம் ஓய்வு.

எதற்குக் கேட்டேன் என்று சொல்கிறேன். என் ஆய்வேட்டின் முதல் படமே அந்த நாலு லட்சம்தான். அதை வைத்துத்தான் எனக்கு இங்கே வேலை கிடைத்தது, பெயரும் கிடைத்தது. இப்போது மூன்று இடங்களில் இளைஞர்கள் அதை வரிக்கு வரி செய்து பார்த்திருக்கிறார்கள். யாருக்கும் நாலாயிரத்துக்கு மேல் போகவில்லை. எண்களை நானே எழுதிக்கொண்டேன் என்கிறார்கள். மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். பழைய நோட்டுகளைக் கேட்டால் எல்லாம் கரையான் தின்று போயிற்று என்று அங்கிருந்து பதில் வருகிறது. நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதித் தரலாம் என்கிறது குழு.

ஒரு சின்ன விஷயம் தோன்றியது. வில்லை தட்டில் ஒட்டாமல் இருக்க அடியில் தூவுவோமே, மெத்தைப் பொடி. அந்தந்த பேட்ச்சின் பொடியையே தூவியதாகத்தான் ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு நீங்கள் கை மாறி, அலமாரியில் இருந்த பழைய ஜாடியிலிருந்து எடுத்துத் தூவியிருக்க வாய்ப்புண்டா? அதில் மாங்கனீசு தம்பியின் உடைந்த வில்லைகளை அரைத்துப் போட்டு வைத்திருந்தோம். மாங்கனீசு துளி அடியிலிருந்து வில்லைக்குள் ஏறியிருந்தால் அவ்வளவு ஏற்றத்துக்குக் காரணம் கிடைத்துவிடும். எண்கள் பொய்யில்லை என்றாகிவிடும். ஜாடியில் மிச்சம் இருந்திருந்தால் சோதித்தே காட்டியிருப்பேன். நான் அங்கிருந்து கிளம்பும்போதே அதன் அடி தெரிந்தது.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். "உலையைப் பார்த்துக்கொண்ட நான், ஆய்வாளருக்குத் தெரியாமல், தவறுதலாக வேறு பொடியைத் தூவிவிட்டேன்" என்று இருக்கும். கீழே கையெழுத்து மட்டும் போட்டால் போதும். இதனால் உங்களுக்கு இப்போது ஒரு பாதிப்பும் இல்லை அக்கா. நீங்கள் வேலையை விட்டே எத்தனையோ வருடமாகிறது. எனக்கு மானப் பிரச்சினை.

உங்கள் அன்பு மறவாத,
அவசரம்
(அந்தப் பெயரில் இப்போது என்னை யாரும் கூப்பிடுவதில்லை)


மார்ச் 15

அன்புள்ள அவசரத்துக்கு,

புதன்கிழமை இருந்தவர்கள் ஆறு பேர் என்று எழுதினேன். திங்கட்கிழமை இருந்தவர்களை நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நீ, நான். வேறு ஆள் இல்லை.

மணி பதினொன்று இருக்கும். நான் அரைத்து முடித்ததும் நீ கல்வத்தோடு தூக்கிக்கொண்டு தராசு அறைக்குக் கிளம்பினாய். ஐந்து நிமிஷம் ஆறட்டும் என்றேன். நிற்கவில்லை. உன் வெள்ளைக் கோட்டின் பை கதவுக் கைப்பிடியில் மாட்டியது. கல்வம் உடையவில்லை. பொடி கால்வாசி தரையில். பெருக்கி எடுக்கலாமா என்று நீ என் முகத்தைப் பார்த்தாய். அது செருப்புக் கால் படுகிற தரை. நான் தலையாட்டவில்லை. லாந்தனம் வந்து சேர அந்த முறை ஐந்து மாதம் ஆகியிருந்தது. வியாழக்கிழமை உன் ஸ்காலர்ஷிப்பை நீட்டிக்கிற கூட்டம், புதிதாக நிறுத்து அரைக்க நாள் இல்லை. நீ தரையில் உட்கார்ந்து அழுதாய். நான் துடைத்தேன், பொடியைச் சொல்கிறேன்.

மிச்சத்தில் பன்னிரண்டு வில்லை வந்தது. மெத்தைக்கு ஒன்றும் இல்லை. "பேட்ச்சுக்கு அதன் பொடியே மெத்தை" என்று ஐயா எழுதி ஒட்டிய தாள் உலைக்கு நேர் மேலே இருந்தது. நீ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாய்:

"அக்கா, ஜாடில இருக்கறதத் தூவிடுங்க. ஒட்டாம இருந்தா போதும். ஐயாகிட்ட சொல்லிடாதீங்க, என் படிப்பே போயிடும்."

"சரி, சொல்லல" என்றேன்.

சத்தியம் கித்தியம் எதுவும் இல்லை. சொல்லல என்றால் சொல்லல. ஐயா என் கையைக் குறை சொன்னபோது நீ எனக்கு நேர் எதிரே நின்றாய். உலையில் அடுக்குவது யார் என்று அவர் கேட்டதற்கு, "அது அக்கா வேலை சார்" என்றாய். அதுவும் உண்மைதான். மெத்தை என்பது ஒட்டாமல் இருக்கத்தான் என்று நினைத்திருந்தேன். மற்றது என் புத்திக்கு எட்டவில்லை. ஏற்றத்துக்குக் காரணமே அந்தப் பொடிதான் என்று உன் கடிதத்தில்தான் முதல் தடவையாகப் படிக்கிறேன்.

இன்னொன்றும் உன் கடிதத்தில்தான் படிக்கிறேன். நீ கிளம்பும்போது ஜாடியின் அடி தெரிந்ததாம். நாற்பத்தொன்றுக்கு நான் எடுத்தது இரண்டு கரண்டி. சாவியை ஒப்படைத்த வெள்ளிக்கிழமை ஜாடி கழுத்து வரைக்கும் இருந்தது. மூடி மேல் தேதி எழுதி நானே ஒட்டினேன். மாங்கனீசு தம்பி அதே வாரம் ஊரை விட்டுப் போய்விட்டார். புது உலைக்காரர் சுவரில் எழுதி ஒட்டியதைத் தாண்டி ஒரு அடி வைக்கமாட்டார். நீ கிளம்பியது பதினான்கு மாதம் கழித்து. அப்படியானால் ஜாடியைத் தீர்த்தது யார்? காற்றில் கரைகிற சாமான் இல்லை அது. அந்தக் கட்டடத்தில் எலி உண்டு. டைட்டனேட் தின்கிற எலியை நான் பார்த்ததில்லை.

நீ அனுப்பிய தாளில் கையெழுத்துப் போடவில்லை. இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். பின்பக்கம் வெறுமனே இருக்கிறது. பதிலை அதில் எழுது.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மாடிப்படி ஏறாதே.

இப்படிக்கு,
உலை அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன்.

ஜாடியைத் தீர்த்தது நான்.

நீங்கள் சாவி கொடுத்தது வெள்ளிக்கிழமை. எனக்கு மெத்தை மேல் சந்தேகம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாதபோது மூன்று வில்லைகளை ஜாடிப் பொடி மேல் வைத்து நானே சுட்டேன். திங்கள் காலை அளந்தேன். நாலு லட்சம் வந்தது. பதினோரு மணிக்கு ஐயாவின் அறை வாசல் வரைக்கும் போனேன். கதவு திறந்திருந்தது. நிரந்தரப் பட்டியல் அவர் மேஜை மேல் இருந்தது, இன்னும் கையெழுத்தாகவில்லை. உள்ளே போய் இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொன்னால் பொடி கொட்டியது வெளியே வரும், மறைத்ததும் வரும். நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பிவிட்டேன். மறுநாள் பட்டியல் போய்விட்டது. அதற்கப்புறம் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆய்வேட்டில் இருக்கிற நல்ல வில்லைகள் எல்லாமே அந்த ஜாடியில் சுட்டவை. தட்டை நானே அடுக்கிப் புது உலைக்காரரிடம் கொடுத்தேன். அவர் கை நல்ல கை என்று ஐயா எல்லோரிடமும் சொன்னார். நான் திருத்தவில்லை. எழுதும்போது சுவரில் இருந்த வாக்கியத்தை அப்படியே எழுதினேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஓய்வு பெற்ற அந்த மாதம் ஐயாவிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. பழைய எண்களைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மெத்தைப் பொடி எப்போதாவது மாறியதா, அந்தம்மாவைத் தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று கேட்டிருந்தார். இல்லை ஐயா, நீங்கள் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது என்று பதில் போட்டேன்.

குழுவுக்கு நீங்கள் என்ன எழுதினாலும் ஏற்றுக்கொள்கிறேன். எழுதாமல் விட்டாலும் சரி. என்னை மன்னித்துவிடுங்கள் அக்கா. வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
நான்


ஏப்ரல் 20

அவசரத்துக்கு,

குழுவுக்கு எழுதிவிட்டேன். இரண்டு பக்கம். பேத்தி படி எடுத்தாள், ஒரு படி இதோடு இருக்கிறது. அதில் எழுதியது இவ்வளவுதான். நாலு லட்சம் பொய்யில்லை. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை மீட்டர்காரர் வாசித்ததை என் காதால் கேட்டேன், அப்போது என் காது நன்றாகக் கேட்கும். அந்த வில்லைகளுக்கு மெத்தையாகப் போட்டது பழைய ஜாடிப் பொடி. தவறுதலாகப் போடவில்லை, போடச் சொல்லிப் போட்டேன். சொன்னது யார் என்று கேட்டால், ஆராய்ச்சி செய்த பெண்.

வெறும் பேச்சை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்தேன். பேத்தியைக் கூட்டிக்கொண்டு மாங்கனீசு தம்பியின் கடைக்குப் போனேன். இரண்டு பஸ் மாற வேண்டும். முதலில் டைல்ஸ் வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக் குளியலறைக்கா, சமையலறைக்கா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் மேலே போய் அவருடைய ஆய்வேட்டை எடுத்து வந்தார். "இத்தன வருஷத்துல இத எடுத்துப் பாக்கறது நீங்கதாங்கக்கா" என்றார். ஜாடிப் பொடியின் கலவை அதில் கிராம் கணக்கில் இருக்கிறது. அந்தப் பக்கத்தையும் நகல் எடுத்துக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் அதே பொடியைச் செய்து, தூவி, சுட்டுப் பார்க்கலாம். ஏற்றம் வரும். உன் எண்கள் நிற்கும். மறைத்தது மறைத்ததுதான், அதற்கு அவர்கள் என்ன சொல்வார்களோ அது அவர்கள் பாடு.

இதை உனக்காகச் செய்தேன் என்று நினைக்காதே. அந்தப் பன்னிரண்டு வில்லையையும் அழுத்தியது நான், சுட்டது நான். அதைப் பொய் என்று எவனோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு சொல்வதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

ஐயா உனக்குக் கடிதம் போட்டார் என்று எழுதியிருந்தாய். அதை வைத்துக் கணக்குப் பார்த்தேன். என் கடைசி வேலை நாளில் அவர் கழுவுகிற இடத்துக்கு வந்தார். பதினேழு வருடத்தில் அந்தப் பக்கம் அவர் வந்தது அன்றைக்கு ஒரு நாள்தான். தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன், பார்த்துவிட்டுக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். தகரத் தொட்டி, தண்ணீர் விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அவர் வாய் அசைந்தது. நான் இரண்டு குடுவை கழுவி முடிக்கிற வரைக்கும் நின்றார். அப்புறம் போனார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார், கேட்க விடக்கூடாது என்று நினைத்துத்தான் குழாயைத் திறந்தேன். அன்று வீட்டுக்குப் போய் மகளிடம் பெருமையாகச் சொன்னேன். இப்போதுதான் புரிகிறது. உன் பதில் அவருக்கு வந்திருக்கிறது. அவர் அதை நம்பவில்லை. என்னிடம் நேரில் கேட்க வந்திருக்கிறார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். தெரியவில்லை. உன்னிடம் சொல்லல என்று சொல்லியிருந்தேனே.

இனி கடிதம் போடாதே. கோபத்தில் சொல்லவில்லை. எழுதுவதற்கு இரண்டு பேருக்கும் ஒன்றும் மிச்சமில்லை.

அன்றைக்கு இருந்தவர்களில் யார் மேலும் இப்போது எனக்கு வருத்தம் இல்லை. எலக்ட்ரீஷியன் நல்ல மனுஷன். மீட்டர்காரர் வந்து சொன்னது ஆறுதலுக்குத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். மாங்கனீசு தம்பி என் குடையை வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை, கடைக்குப் போனபோது கேட்கலாம் என்று நினைத்துக் கேட்காமல் வந்தேன், அது போகட்டும். ஐயாவை மன்னித்துவிட்டேன். அவர் என்னை மன்னிக்க வழியில்லை, அது என் பாடு. பொடி கொட்டியதற்கு யார் மேலும் குறை இல்லை, யார் கையும் தவறும். பயந்து மறைத்ததும் சின்ன வயசு என்று விட்டுவிடலாம். அந்தத் திங்கட்கிழமை வாசல் வரைக்கும் போய்த் திரும்பினதை விட முடியவில்லை. முப்பத்திரண்டு வருடம் என் கோபத்தையெல்லாம் தப்பான ஆள் மேல் செலவழிக்க விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததையும் விட முடியவில்லை.

ஆகவே நான் மன்னிக்காத ஆள் ஒரே ஒருத்தி.

நீதான், அவசரம்.